ஆறு மாதம் என்றார்கள், 11 ஆண்டு ஆயிற்று



கொஞ்ச நாளாகப் பழைய மாணவர்கள் சிலர் ஒரே கேள்வியை வேறு வேறு விதமாகக் கேட்கிறார்கள். "ஐயா, பொண்ணு இந்த வருஷம் நுழைவுத் தேர்வு எழுத மாட்டேங்கிறா. இன்னும் ரெடியாகலையாம். அடுத்த வருஷம் எழுதிக்கிறேன்னு சொல்றா. விடலாமா?"

இதற்கு ஒரே வரியில் பதில் கிடையாது. பிள்ளைக்குப் பிள்ளை மாறும். ஆனால் நான் வரலாற்று வாத்தியார். ஒரு தேசமே இந்தக் கேள்வியை எதிர்கொண்ட கதை ஒன்று எனக்குத் தெரியும். சீனாவின் கல்லூரி நுழைவுத் தேர்வின் கதை. கலாச்சாரப் புரட்சியைப் பற்றி வகுப்பில் பேசும்போது இந்தப் பகுதிக்கு நேரம் இருந்ததில்லை. இப்போது எனக்கும் நேரம் இருக்கிறது, உங்களுக்கும் தேவை இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

சீனாவில் தேர்வு என்பது பழைய சங்கதி. அரசு அலுவலர்களைத் தேர்வு வைத்து எடுக்கும் வழக்கம் சுமார் 1,300 ஆண்டுகள் நடந்து, 1905இல் ஒழிந்தது. மாவோவின் ஆட்சி வந்தபின், 1952இல் நாடு முழுவதற்குமான கல்லூரி நுழைவுத் தேர்வு தொடங்கியது. 'காவ்காவ்' என்பார்கள். ஆண்டுதோறும் கோடையில் நடக்கும். பட்டணத்துப் பிள்ளையோ பட்டிக்காட்டுப் பிள்ளையோ, மேலே வர அதுதான் பெரிய வாசல்.

1966 கோடை. அந்த ஆண்டு பள்ளி இறுதி வகுப்பில் இருந்தவர்கள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். மே மாதம் கலாச்சாரப் புரட்சி தொடங்கியது. ஜூன் தொடக்கத்தில், பெய்ஜிங்கில் ஒரு பெண்கள் பள்ளியின் இறுதியாண்டு மாணவிகள் மாவோவுக்குக் கடிதம் எழுதினார்கள். இந்த நுழைவுத் தேர்வு முறை பழைய காலத்து மிச்சம், இதை ஒழிக்க வேண்டும் என்பது அதன் சாரம். எழுதியது யார் என்று கவனியுங்கள்: அடுத்த மாதம் தேர்வு எழுத வேண்டிய பிள்ளைகள்.

ஜூன் 13ஆம் தேதி அரசின் அறிவிப்பு வந்தது. தேர்வு முறையைச் சீர்திருத்தப் போகிறோம், ஆகவே இந்த ஆண்டுச் சேர்க்கை அரை ஆண்டு தள்ளி வைக்கப்படுகிறது. அவ்வளவுதான். ரத்து என்று யாரும் சொல்லவில்லை. அரை ஆண்டு என்றுதான் சொன்னார்கள். ஆனால் எந்த மாதம், எந்தத் தேதி என்று சொல்லவில்லை.

பரீட்சை தள்ளிப்போனால் எந்த ஊர்ப் பிள்ளைக்குத்தான் மகிழ்ச்சி இருக்காது? "அப்பாடா" என்று பெருமூச்சு விட்டவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். அந்த அரை ஆண்டு கடந்தது. ஓராண்டு கடந்தது. பள்ளிகளில் பாடம் நின்றது. 1968 டிசம்பரில், படித்த இளைஞர்கள் கிராமங்களுக்குப் போய் விவசாயிகளிடம் பாடம் கற்க வேண்டும் என்று மாவோ சொன்னார். அந்த இயக்கம் முடிவதற்குள் 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் ஊர் விட்டு ஊர் அனுப்பப்பட்டார்கள். நாற்று நட்டார்கள், பன்றி மேய்த்தார்கள், மலைக்காட்டில் மரம் வெட்டினார்கள்.

அரை ஆண்டு என்று சொன்ன தேர்வு மறுபடி நடந்தது 1977இல். இடையில் 11 ஆண்டுகள்.

இடைப்பட்ட காலத்தில் கல்லூரிகள் அடியோடு மூடிக் கிடக்கவில்லை. 1970 முதல் தொழிலாளர், விவசாயி, படைவீரர் என்ற வகையில் பரிந்துரையின் பேரில் ஆள் எடுத்தார்கள். யார் பரிந்துரைப்பது? வேலை செய்யும் இடத்துத் தலைவர்கள். அப்புறம் என்ன நடந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தலைவருக்கு வேண்டியவர் வீட்டுப் பிள்ளைக்கு இடம், வேண்டாதவர் வீட்டுப் பிள்ளைக்கு மண்வெட்டி.

1973இல் பரிந்துரையோடு கொஞ்சம் தேர்வும் வைத்துப் பார்த்தார்கள். அப்போது நடந்தது நம் விஷயத்துக்கு நேராகப் பொருந்தும். லியாவ்நிங் மாகாணத்தில் ஜாங் டியேஷெங் என்ற இளைஞர், கிராமத்தில் உற்பத்திக் குழுத் தலைவர். இயற்பியல், வேதியியல் தாள் அவருக்குச் சுத்தமாக வரவில்லை. விடைத்தாளின் பின்பக்கத்தில் அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். வயல் வேலை மும்முரமான நேரத்தில் அதை விட்டுவிட்டு ஒளிந்துகொண்டு படிக்க எனக்கு மனம் வரவில்லை, வேலை செய்யாமல் புத்தகமே கதி என்று கிடந்தவர்கள் இன்று தேர்வில் ஜெயிக்கிறார்கள் என்பது அவருடைய ஆதங்கம். அந்தத் தாளில் அவர் வாங்கியது 6 மதிப்பெண். ஆனால் கடிதம் செய்தித்தாளில் வந்தது. அரசியல் தலைவர்கள் அவரைத் தூக்கிப் பிடித்தார்கள். 'வெற்றுத்தாள் வீரர்' என்று பெயர் பெற்றார், கல்லூரியிலும் இடம் கிடைத்தது. அந்த ஆண்டு ஒழுங்காகப் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியவர்களின் உழைப்புக்கு மதிப்பில்லாமல் போயிற்று.

அவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. நாள் முழுக்க வயலில் நின்றவர் எப்போது படிப்பார்? "நான் தயாராக இல்லை, அதற்கு நான் காரணமில்லை" என்பது பல நேரம் உண்மைதான். ஆனால் அந்த உண்மையை விடைத்தாளின் பின்பக்கத்தில் எழுதுவதால் வேதியியல் வந்துவிடாது.

1976 செப்டம்பரில் மாவோ இறந்தார். 1977 ஜூலையில் டெங் சியாவ்பிங் மறுபடி பொறுப்புக்கு வந்தார், கல்வியையும் அறிவியலையும் தானே கேட்டு எடுத்துக்கொண்டார். ஆகஸ்ட் தொடக்கத்தில் பேராசிரியர்களையும் விஞ்ஞானிகளையும் பெய்ஜிங்குக்கு அழைத்துக் கூட்டம் போட்டார். வூஹான் பல்கலைக்கழக வேதியியல் ஆசிரியர் ஜா சுவான்சிங் எழுந்து, பரிந்துரை முறையால் வரும் கேடுகளை வெளிப்படையாகச் சொன்னார். தேர்வைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், அதுவும் இந்த ஆண்டே வேண்டும் என்றார்.

அந்த ஆண்டுச் சேர்க்கையும் பழைய பரிந்துரை முறையிலேயே நடக்கும் என்று அதற்கு முன்பே ஒரு கூட்டத்தில் முடிவாகியிருந்தது. கோடையும் முடியப் போகிறது. வினாத்தாள் இல்லை, பாடத்திட்டம் இல்லை, பள்ளிகளில் பத்தாண்டுகளாகச் சரியான பாடமே இல்லை. 'நாம் தயாராக இல்லை, அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்ல எல்லாக் காரணமும் இருந்தது. டெங்கும் அதைத்தான் கேட்டார்: இந்த ஆண்டு நேரம் போதுமா? சேர்க்கையைக் கொஞ்சம் தள்ளினால் முடியும் என்றார்கள். அப்படியானால் இந்த ஆண்டே என்று முடிவெடுத்தார்.

இந்த இடத்தில்தான் நான் எப்போதும் நின்று யோசிப்பேன். அவர்களும் ஒன்றைத் தள்ளித்தான் போட்டார்கள். ஆனால் தேர்வை அடுத்த ஆண்டுக்குத் தள்ளவில்லை, கல்லூரி திறப்பைச் சில மாதம் தள்ளினார்கள். 1966இல் தள்ளியபோது தேதி இல்லை. 1977இல் தள்ளியபோது தேதி இருந்தது.

1977 அக்டோபர் 21ஆம் தேதி வானொலியிலும் செய்தித்தாளிலும் அறிவிப்பு வந்தது. தேர்வு அந்தந்த மாகாணத்தில், நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பருக்குள். பெய்ஜிங்கில் டிசம்பர் 10. கணக்குப் போட்டால் சரியாக 50 நாள். சீனத்தின் இந்தத் தேர்வு குளிர்காலத்தில் நடந்தது அந்த ஒரே முறைதான். அச்சடிக்கக் காகிதம் போதவில்லை. மாவோவின் தேர்ந்தெடுத்த எழுத்துகள் ஐந்தாம் தொகுதிக்கு ஒதுக்கிய காகிதத்தை எடுத்து வினாத்தாள் அச்சிட்டார்கள். ஓராண்டுக்கு முன்னால் அப்படி ஒரு யோசனையை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் ஆளுக்கே ஆபத்து.

இப்போது அந்தக் கிராமத்து இளைஞனின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். 18 வயதில் பள்ளியை விட்டவனுக்கு இப்போது 29. பத்தாண்டாகக் கையில் பேனா பிடித்ததே அபூர்வம். மணமாகிக் குழந்தையும் இருக்கலாம். 50 நாளில் நான்கு தாள் எழுத வேண்டும். கலைப் பிரிவு என்றால் அரசியல், சீன மொழி, கணிதம், வரலாறும் புவியியலும். அறிவியல் பிரிவு என்றால் கடைசித் தாள் இயற்பியலும் வேதியியலும். பகலில் வேலைக்குப் போயாக வேண்டும். படிக்கப் புத்தகம் இல்லை. பழைய பாடப்புத்தகம் ஒன்று அகப்பட்டால் பல பேர் கைமாறிப் படித்தார்கள், ராத்திரியில் மண்ணெண்ணெய் விளக்கில் கையால் படியெடுத்தார்கள். ஷாங்காயில் கணிதம், இயற்பியல், வேதியியல் சுயமாகப் படிப்பதற்கான 17 தொகுதி நூல்வரிசையை மறுபடி அச்சிட்டபோது, புத்தகக் கடை வாசலில் ராத்திரியே வரிசை நின்றது.

எழுதலாமா, அடுத்த முறை பார்க்கலாமா? வயது விதியும் குறுக்கே நின்றது. பொதுவாக 25 வயதுக்குள், மணமாகாதவர். அனுபவமும் திறமையும் உள்ளவர்களுக்கு 30 வரை தளர்வு, மணமானாலும் பரவாயில்லை. 1966, 67இல் பள்ளி முடித்தவர்களைக் கவனித்துச் சேர்க்கும்படி விதியிலேயே சொல்லியிருந்தார்கள். 29 வயதுக்காரருக்கு இதன் பொருள் என்ன? இன்னொரு 'அரை ஆண்டு' நீண்டால் வாசல் சாத்திவிடும். ஒரு முறை அந்த வார்த்தையை நம்பியவர்கள் அவர்கள்.

57 லட்சம் பேர் எழுதினார்கள். வாத்தியாரும் அவரிடம் படித்த மாணவரும் ஒரே அறையில் எழுதினார்கள். அண்ணன் தம்பி சேர்ந்து போனார்கள். பெய்ஜிங் மொழித்தாளில் வந்த கட்டுரைத் தலைப்பு, போராட்டமான இந்த ஓராண்டில் நான் என்ன செய்தேன் என்பது போன்றது. மனப்பாடம் பண்ணி வந்தவர்களைவிட வாழ்ந்து வந்தவர்களுக்கு வாகான தலைப்பு என்று எனக்குத் தோன்றும்.

இடம் கிடைத்தது 2 லட்சத்து 73 ஆயிரம் பேருக்கு. நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. 1978 தொடக்கத்தில் அவர்கள் வகுப்புக்குப் போனபோது, பள்ளி முடித்துவந்த பையனும் 30ஐத் தொட்ட பிள்ளைகுட்டிக்காரரும் ஒரே பெஞ்சில். அன்ஹுய் மாகாணத்துக் கிராமத்திலிருந்து பெய்ஜிங் பல்கலைக்கழகச் சட்டப் படிப்புக்கு அப்படிப் போனவர் லி கெச்சியாங். 2013 முதல் பத்தாண்டு சீனப் பிரதமராக இருந்தவர்.

அந்த 57 லட்சம் பேரில் 'நான் முழுசாகத் தயார்' என்று சொல்லக்கூடியவர் யாரும் இருந்திருக்க முடியாது. எல்லாருக்கும் அதே 50 நாள், அதே மறந்துபோன பாடம். நுழைவுத் தேர்வு என்பது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு ஒப்பிட்டு இடம் தருவது. நம் பிள்ளைகள் தன் தயார்நிலையைத் தன் மனத்தில் உள்ள முழுமையோடு ஒப்பிட்டுப் பார்த்துப் பயப்படுகிறார்கள்.

கதையின் மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அடுத்த தேர்வு சொன்னபடியே வந்தது. 1978 ஜூலை 20 முதல் 22 வரை, இந்த முறை நாடு முழுவதற்கும் ஒரே வினாத்தாள். திருப்புதலுக்கான பாட வரையறையும் முன்கூட்டியே வந்தது. 61 லட்சம் பேர் எழுதி, 4 லட்சத்து 2 ஆயிரம் பேர் சேர்ந்தார்கள். நூற்றுக்கு ஆறரை பேர். டிசம்பரைவிட வாய்ப்புக் கொஞ்சம் கூடுதல். ஆகவே டிசம்பரில் எழுதாமல் ஜூலைக்குக் காத்திருந்தவர், அந்த ஏழு மாதம் படித்திருந்தால், நஷ்டப்படவில்லை. டிசம்பரில் எழுதித் தவறவிட்டவரும் நஷ்டப்படவில்லை. அவருக்கு வினாத்தாள் எப்படி இருக்கும் என்று தெரிந்தது, எந்தப் பாடத்தில் ஓட்டை என்று தெரிந்தது, ஜூலையில் மறுபடி உட்கார்ந்தார். நஷ்டப்பட்டவர்கள், டிசம்பரிலும் எழுதாமல் அடுத்த ஏழு மாதமும் படிக்காமல் இருந்தவர்கள்.

திரைப்பட இயக்குநர் ஜாங் யீமோவை உங்களில் சிலர் அறிவீர்கள். கிராமத்தில் வயல் வேலை, பிறகு பஞ்சாலை வேலை. 1978இல் பெய்ஜிங் திரைப்படக் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது அவர் வயது வரம்பைத் தாண்டியிருந்தார். தான் எடுத்த புகைப்படங்களோடு கலாச்சார அமைச்சருக்குக் கடிதம் எழுதி அனுமதி வாங்கினார். அவரும் கடிதம் எழுதினார், வெற்றுத்தாள்காரரும் கடிதம் எழுதினார். வித்தியாசம், இவருடைய கடிதத்தோடு அத்தனை ஆண்டு வேலை செய்த புகைப்படங்கள் இருந்தன. காத்திருந்த காலம் வெறுமையாகப் போகவில்லை.

தேறாதவர்கள் கதை என்ன? 1977இல் சுமார் 54 லட்சம் பேர் வெளியே நின்றார்கள். அவர்களில் ஒருவர் யூ ஹுவா. கல்லூரி கிடைக்காமல், சிறிய ஊரில் பல் பிடுங்கும் வேலைக்குப் போனார். சில ஆண்டு பல் பிடுங்கிவிட்டு எழுத்தாளரானார். இன்று உலகம் அறிந்த சீன நாவலாசிரியர்களில் ஒருவர். எல்லாரும் யூ ஹுவா ஆகவில்லை, அது வேறு. ஆனால் ஒரு தேர்வோடு யாருக்கும் உலகம் முடிந்துவிடவில்லை.

இன்னொரு ஒத்திவைப்பையும் சொல்லிவிடுகிறேன். 2020இல் கொரோனா வந்தபோது, சீன அரசு அந்த ஆண்டுத் தேர்வை ஒரு மாதம் தள்ளியது. மார்ச் கடைசியிலேயே 'ஜூலை 7, 8' என்று தேதியோடு அறிவித்தது, அதே தேதியில் நடத்தியது. பிள்ளைகள் அந்த ஒரு மாதத்தையும் கணக்கில் சேர்த்துப் படித்தார்கள். தேதி உள்ள ஒத்திவைப்பு கால அவகாசம். தேதி இல்லாத ஒத்திவைப்பு என்னவாகும் என்பதை 1966 காட்டிவிட்டது.

இனி உங்கள் வீட்டுக்கு வருகிறேன். பிள்ளை 'அடுத்த வருஷம்' என்றால் கோபப்படாதீர்கள், உடனே சரி என்றும் சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து சில கேள்விகள் கேளுங்கள்.

அடுத்த தேர்வு நிச்சயமா, அதற்கும் உனக்குத் தகுதி இருக்குமா? சில தேர்வுகளுக்கு வயது வரம்பு உண்டு, சிலவற்றை இத்தனை முறைதான் எழுதலாம் என்று விதி உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று நம்பாமல் தகவல் கையேட்டை நீங்களே படியுங்கள். சீனாவில் அந்த வயது, திருமண வரம்புகள் நீங்கியது 2001இல்தான். அதற்குள் எத்தனை பேருக்கு முடி நரைத்திருக்கும்!

இடைப்பட்ட மாதங்களில் என்ன செய்வாய்? திங்கள்கிழமை காலை எந்தப் பாடம், எந்த மாதத்தில் எது முடியும் என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுத முடிந்தால் அது திட்டம். எழுத முடியாமல் 'நல்லா படிப்பேன்பா' என்று மட்டும் வந்தால், அது 1966இன் அரை ஆண்டு.

தயாராக இல்லை என்பது எதனால் தெரிகிறது? முழு மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்த மதிப்பெண்ணாலா, வயிற்றைக் கலக்கும் பயத்தாலா? மதிப்பெண் என்றால் பேசலாம். பயம் மட்டும் என்றால், அது அடுத்த ஆண்டும் அதே நாளில் அதே நேரத்துக்கு வரும்.

உடம்பு சரியில்லை, வீட்டில் துக்கம், பாடத்தில் பாதிகூடப் பார்க்கவில்லை, இப்படி இருந்தால் தள்ளிப்போடுவதில் தவறே இல்லை. மனம் உடைந்திருக்கும் பிள்ளையை இழுத்துக்கொண்டுபோய்த் தேர்வு அறையில் உட்கார வைக்காதீர்கள். பிள்ளை தூங்காமல், சாப்பிடாமல் இருந்தால் தேர்வைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு முதலில் மருத்துவரைப் பாருங்கள். தேர்வு காத்திருக்கட்டும். ஆனால் முக்கால்வாசி படித்துவிட்டு, 'முழுசா முடிக்கலை' என்பதற்காக மட்டும் தயங்கும் பிள்ளையாக இருந்தால், தோற்றாலும் மறுபடி எழுத விதி இடம் கொடுத்தால், போய் எழுதச் சொல்லுங்கள். 'ரேங்க் வரணும்' என்று சொல்லி அனுப்பாதீர்கள். 'பார்த்துட்டு வா' என்று சொல்லி அனுப்புங்கள்.

பணம், கோச்சிங் கட்டணம், ஓராண்டு வீணாகிறதே என்ற கணக்கெல்லாம் எனக்கும் தெரியும். அந்தக் கணக்கைப் பிள்ளையின் காதில் விழ வேண்டாம். பெரியவர்கள் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டு உங்கள் வீட்டில் யார் எந்தத் தேர்வு எழுதுகிறார்கள் என்று கீழே எழுதுங்கள். தள்ளிப்போடும் பிள்ளைகளும் எழுதலாம், மறைக்க ஒன்றுமில்லை. அந்தத் திட்டத் தாளைப் படமெடுத்துத் தனியாக அனுப்பினால் நான் பார்த்துச் சொல்கிறேன். சிவப்பு மை இன்னும் வற்றவில்லை.

அடுத்த பதிவில், 1905இல் சீனப் பேரரசுத் தேர்வு ஒழிந்தபோது அதற்காகவே ஆயுள் முழுக்கப் படித்துக்கொண்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்